பாதி மடை

தெராக்லி
அக்டோபர் 16

முனிஸாவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். என் மகனுக்கு மண்டைக்குள் ரத்தக்குழாய் வெடித்ததும், சமர்கந்து ஆஸ்பத்திரியில் அறுவை நடந்ததும், பத்து நாள் கழித்து டாமாஸ் வண்டி ஓட்டும் ஸோகிர் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அவனும் மாவு மூட்டையை இறக்கிக்கொண்டே, "பெரியவரே, ஹம்ரோ பொழச்சுக்கிட்டாரு, கவலப்படாதீங்க" என்றான். சாகக் கிடந்ததே தெரியாதவனுக்குப் பிழைத்த செய்தி.

போன் செய்தேன் என்று நீ சொல்வாய். செய்திருப்பாய். உங்கள் வீட்டிலிருந்து வரும் போனை நான் எடுப்பதில்லை என்பது இரண்டு வருடமாக உனக்குத் தெரிந்ததுதான். ஸோகிர் தினமும் காலையில் மலையிலிருந்து சமர்கந்துக்கு இறங்கி மாலையில் ஏறுகிறான். ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து அனுப்ப உனக்குத் தோன்றவில்லை.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்பதை நீங்கள் இருவரும் மறந்திருந்தால் மறுபடி எழுதுகிறேன். என் தங்கை ஸெபோவின் மகள் கல்யாணத்தில், ஆண்களுக்கான காலைப் புலாவ் விருந்துக்கு நான் மலையிலிருந்து இறங்கி வந்தேன். உள்ளே நுழைந்ததும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் நெஞ்சில் கை வைத்து எழுந்தார்கள். எனக்குத் தெரியாதவர்கள்கூட எழுந்தார்கள். ஹம்ரோ எழவில்லை. தன் ஆபீஸ்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். அவர் கவனிக்கவில்லை என்று அன்றைக்கு வாசலில் வந்து நீ சொன்னாய். கவனித்தான். என்னைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தான். நான் ஒரு வாய் சாப்பிடாமல் வண்டி ஏறினேன். அவன் பின்னால் வரவில்லை.

அதெல்லாம் போகட்டும் என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. அது போகவில்லை. ஆனால் அவன் படுக்கையில் இருக்கிறான். ஸோகிரிடம் இரண்டு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். ஒன்றில் மஞ்சள் பூப் பூக்கும் தலாசாய் மூலிகை. ஊற்றுக்கு மேலே நானே பறித்து நிழலில் உலர்த்தியது. காலையும் மாலையும் கொதிக்கவைத்துத் தேநீர்போலக் கொடு. இன்னொன்றில் குருத். நம் ஆட்டுத் தயிரை உருட்டிக் காயவைத்தது, சந்தையில் விற்கும் சுண்ணாம்பு உருண்டை இல்லை.

எழுத்தில் பதில் போடு. போனில் சொன்னதைச் சொல்லவில்லை என்று யாரும் சொல்லலாம்.

எஷ்முரோத்


சமர்கந்து
அக்டோபர் 17

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று சமையல் மேடையில் காகிதத்தை வைத்து நின்றபடி எழுதுகிறேன்.

அவரை நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேசுகிறார், சாப்பிடுகிறார், குழந்தையை அடையாளம் தெரிகிறது. தலைவலி இருக்கிறது. வெளிச்சம் ஆகவில்லை. பார்ப்பவர்கள், "அப்பாடா, முடிஞ்சுது" என்கிறார்கள். டாக்டர் லோலா அம்மா அப்படிச் சொல்லவில்லை. ரத்தம் கசிந்த இடத்தைச் சுற்றியுள்ள குழாய்கள் இரண்டு மூன்று வாரம்வரை எப்போது வேண்டுமானாலும் தானாகச் சுருங்கிக்கொள்ளுமாம். சுருங்கினால் மூளையில் அந்தப் பக்கத்துக்கு ரத்தம் போகாது. பேச்சு போகலாம், கை கால் போகலாம், ஆளே போகலாம். அதைத் தாங்குவதற்குத்தான் நிமோடிபின் என்று ஒரு மாத்திரை. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவும் பகலும். தவறவிடக் கூடாது, விட்டதைச் சேர்த்து இரண்டாகக் கொடுக்கவும் கூடாது, டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. நான் தூங்குகிற லட்சணம் இதனால்தான்.

தலாசாய் கிடைத்தது. மாமா, அதைக் காய்ச்சவில்லை. கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசனை நல்லாருக்கு. ஆனா இந்தச் செடி அந்த மாத்திரைய வேலை செய்யவிடாது. உடம்பு மாத்திரையச் சீக்கிரமா வெளிய தள்ளிரும். ஒரு கிண்ணம்கூட வேண்டாம்" என்றார். அதைத் தூக்கி எறியவில்லை. டப்பாவில் போட்டு மேலே வைத்திருக்கிறேன். குருத் சாப்பிடலாம் என்றார். இவர் இரண்டு உருண்டை சாப்பிட்டார். "அப்பா கை உப்பு" என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார்.

இப்போது ஒரு உதவி கேட்கவேண்டும். எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தை இறக்குகிறது. படுத்திருந்தால் பாதகம் இல்லை. சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு விழுந்துவிடுவாராம். எழவேண்டுமென்றால் முதலில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, கொஞ்சம் பொறுத்து, ஒருவரைப் பிடித்துக்கொண்டுதான் எழவேண்டும். ஆனால் காலையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ரொட்டியோடு வருகிறார்கள், பெரியவர்கள், அவருடைய ஆபீஸ்காரர்கள், தெருக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் கை வைத்து எழப் பார்க்கிறார். குழந்தையை அவர் மடியில் உட்காரவைத்தேன். அப்போதும் குழந்தையை இறக்கிவைத்துவிட்டு எழப் பார்க்கிறார்.

மருமகள் நான் வாசலில் நின்று வருகிற பெரியவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் உறவுக்காரர்கள் இரண்டு வாரம் வரமாட்டார்கள். சொல்வீர்களா?

முனிஸா


தெராக்லி
அக்டோபர் 18

முனிஸாவுக்கு,

என் செடியை டாக்டரிடம் கொண்டுபோய் முகரவைத்தாய். சந்தோஷம். நாற்பது வருடம் இந்த ஊருக்கு அதைக் கொடுத்திருக்கிறேன், ஒருவரும் கொண்டுபோய் யாரிடமும் முகரவைத்ததில்லை.

நீ எழுதிய மாத்திரையைப் பற்றி வாசித்தேன். கூட்டுப்பண்ணை நூலகத்தை மூடியபோது நான் தூக்கி வந்த ருஷ்ய மருத்துவப் புத்தகங்கள் ஆறு பாகம் என்னிடம் இருக்கின்றன. பள்ளிக்கூடம் எனக்கு நான்காம் வகுப்போடு முடிந்தது, அதற்குப் பிறகு நானேதான் வாசித்தேன். நீ எழுதிய பெயர் அதில் இல்லை, ஆனால் அதேபோல 'டிபின்' என்று முடிகிற அதன் இனம் இருக்கிறது. கால்சியம் எதிர்ப்பு மருந்து என்று போட்டிருக்கிறது. கால்சியம் பாலில் இருக்கிறது, குருத்தில் இருக்கிறது. அப்படியிருக்க குருத் சாப்பிடலாம் என்று எந்தக் கணக்கில் சொன்னார்? என் செடி ஆகாது, என் குருத் ஆகும். கேட்டு எழுது.

இன்னொன்று. நான் நாற்பது வருடம் இந்த ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரித்தவன். உன் டாக்டர் சொல்வது எனக்குப் புரியாது என்று நினைக்காதே. குழாய் சுருங்காமல் இருக்க மருந்து. அந்த மருந்து தலைக் குழாயை மட்டும் திறக்காது, உடம்பில் உள்ள குழாயையெல்லாம் திறக்கும். எல்லா மடையையும் திறந்துவிட்டால் மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏறாது. தலைதான் மேட்டு வயல். அதனால்தான் எழுந்தால் இருட்டுகிறது. இதைச் சொல்வதற்கு டாக்டர் தேவையில்லை.

ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லச் சொல்கிறாய். நம் குடும்பத்தில் நோயாளி வீட்டு வாசலில் யாரையும் நிறுத்தி வைத்ததில்லை. நான் ஆரம்பிக்கப்போவதும் இல்லை. நாளைக்குத் தோஷ்பெக்கும் கஞ்சாவும் வருகிறார்கள். இரண்டு பேரும் என் வயதுக்காரர்கள், அவனைத் தோளில் தூக்கியவர்கள். நான் வரமாட்டேன். அவர்கள் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்வார்கள்.

ரொட்டி கொடுத்தனுப்புகிறேன்.

எஷ்முரோத்


சமர்கந்து
அக்டோபர் 20

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

தோஷ்பெக் பெரியப்பா உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் பாதி சொல்லியிருப்பார், நல்ல மனுஷர்.

அவர்கள் வந்தபோது நான் மாத்திரை கொடுத்து அரை மணி ஆகியிருந்தது. நான் அழுத்தம் பார்த்து எழுதி வைத்திருந்தேன், குறைவுதான். படுக்கையில் படுத்திருந்தார். வாசலில் கஞ்சா பெரியப்பாவின் குரல் கேட்டதும் கண் திறந்தார்.

"அப்பா அனுப்புனாரா?" என்று கேட்டார்.

"ஆமா. படுங்க" என்றேன்.

"அப்ப இவங்க போய் என்னத்தச் சொல்வாங்க?"

"நீங்க படுத்திருந்தீங்கன்னு சொல்வாங்க. நோயாளி படுத்துத்தான் இருப்பான்."

"உனக்குத் தெரியாது" என்றார்.

அவர்கள் அறைக்குள் நுழைந்தார்கள். தோஷ்பெக் பெரியப்பா, "படுப்பா, படு, நாங்க என்ன மாப்ள வீட்டுக்காரங்களாவா வந்திருக்கோம்" என்றார். இவரோ சட்டென்று எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார். "வாங்க" என்று சொன்னார். அந்த ஒரு சொல்தான். அப்படியே சாய்ந்து, அலமாரி விளிம்பில் நெற்றி இடித்து, விழுந்தார். கஞ்சா பெரியப்பா தாங்கிப்பிடிக்கப் பார்த்து அவரும் உட்கார்ந்துவிட்டார்.

நெற்றியில் மூன்று தையல். தலையைப் படம் எடுத்தார்கள், புதிதாக ரத்தம் இல்லை. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். அதே மருந்துதான், பாதிப் பாதியாக, நான்குக்குப் பதில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. மொத்தம் குறையாது, ஒரேயடியாக அழுத்தமும் இறங்காது. குருத்தைப் பற்றியும் கேட்டேன். சிரித்தார். இந்த மாத்திரை சாப்பாட்டில் உள்ள கால்சியத்தோடு சண்டை போடுவதில்லையாம். குழாய்ச் சுவரில் கால்சியம் நுழைகிற சின்ன வாசலைச் சாத்துகிறதாம், அவ்வளவுதான். உங்கள் மடைக் கணக்கைச் சொன்னேன். "பெரியவரு சரியாத்தான் சொல்றாரு" என்றார்.

மாமா, அவர் எழுந்தது அவர்களுக்காக இல்லை. இதை எழுதலாமா என்று யோசித்து எழுதுகிறேன். இனிமேல் யாரையும் அனுப்பாதீர்கள்.

முனிஸா


தெராக்லி
அக்டோபர் 21

முனிஸாவுக்கு,

தோஷ்பெக் பாதிதான் சொன்னான். மீதி உன் கடிதத்தில் இருந்தது.

நான் அனுப்பியவர்களால் அவன் விழுந்தான் என்று நீ எழுதவில்லை. எழுதாமலே எழுதியிருக்கிறாய். நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பெரியவர்களைப் பார்த்து எழுந்த எவனும் நம் ஊரில் விழுந்ததில்லை. விழவைத்தது மாத்திரை. நீயே எழுதியிருக்கிறாய், அழுத்தத்தை இறக்குகிறது என்று. உன் டாக்டரே பாதியாக்கியிருக்கிறார் என்றால் முழுசும் தப்பு என்று தெரிந்துதான். தப்பான மடையைப் பாதி மூடுகிறவன் வாய்க்கால்காரன் இல்லை. முழுசாக மூடவேண்டும்.

அதனால் சொல்கிறேன். அந்த மாத்திரையை நிறுத்து. அறுவை முடிந்தது, படத்தில் ரத்தம் இல்லை, ஆள் பேசுகிறான். அவன் எழுந்து நிற்கமுடியாமல் செய்கிற மருந்து மருந்தில்லை. அவனிடமும் சொல், அப்பா சொன்னார் என்று.

எஷ்முரோத்


சமர்கந்து, ஆஸ்பத்திரி
அக்டோபர் 23

மாமா,

மரியாதை வார்த்தைகளை எழுத நேரம் இல்லை.

உங்கள் கடிதம் முந்தாநாள் வந்தது. அவருக்கு எழுத்து மங்கலாகத் தெரிவதால் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அந்தக் கடைசிப் பத்தியை வாசிக்கவில்லை. மடித்து ஜன்னல் மேல் வைத்தேன். எரித்திருக்கவேண்டும், பெரியவர் எழுத்தை எரிக்கக் கை வரவில்லை.

மத்தியானம் ஸெபோ அத்தை வந்தார். நான் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அத்தை கடிதத்தை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார், முழுசாக. நான் உள்ளே வந்தபோது, "இந்த வீட்டு மருமக மாமனார் எழுதுனதையே பாதி முழுங்குறா" என்றார். நான் குழந்தையின் தலையைத் துவட்டினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மாத்திரை கொடுத்தேன். வாங்கினார், தண்ணீர் குடித்தார். அடுத்த முறையும், அதற்கடுத்த முறையும். அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. புதிய முறை ஒத்துக்கொண்டது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன் மாமா. அதை நினைத்தால்தான் இப்போது தாங்கவில்லை.

நேற்றுக் காலையில் பேச்சு குழறியது. குழந்தையை "இதை, இதை" என்றார், பெயர் வரவில்லை. தேநீர்க் கிண்ணத்தை வலது கையில் கொடுத்தேன், பிடி நழுவிப் படுக்கையில் கொட்டியது. போர்வையை உதறியபோது தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் மாத்திரைகள் கிடந்தன. கன்னத்தில் ஒதுக்கிவைத்து, நான் திரும்பியதும் துப்பியிருக்கிறார்.

ஆம்புலன்ஸில் கேட்டேன், ஏன் என்று. சொல்ல முடியாமல் சொன்னார். "அப்பா... நிறுத்த... சொன்னாரு."

இரண்டு வருடம் உங்கள் பேச்சைக் கேட்காதவர் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்.

குழாய் சுருங்கியிருக்கிறது. டாக்டர் இதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது நர்ஸ் கண் முன்னால் விழுங்கவைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள், பாதி மாத்திரை, இரண்டு மணிக்கொரு முறை. அழுத்தம் இறங்காமல் இருக்க ஊசி வழியாகத் தண்ணீர் ஏறுகிறது. வலது கை இன்னும் அசையவில்லை. பேச்சு திரும்புமா என்று கேட்டேன். "மாத்திரை நிக்காம போகணும், அவரு அசையாம படுக்கணும், அப்புறம் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்று எழுத வந்தேன். அது பொய். குறை சொல்லத்தான் எழுதுகிறேன். மருமகள் மாமனார் முன்னால் குரலை உயர்த்தக் கூடாது. நான் உயர்த்தவில்லை, வார்டு வராந்தாவில் உட்கார்ந்து சத்தமில்லாமல் எழுதுகிறேன்.

முனிஸா


சமர்கந்து
அக்டோபர் 24

முனிஸாவுக்கு,

இதை ஸோகிர் கொண்டுவரவில்லை. ஆஸ்பத்திரி வாசல் காவல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். நான் எதிரே இருக்கும் தேநீர்க்கடையில் இருக்கிறேன். நேற்று உன் கடிதம் வந்தது, இன்று ஸோகிருடன் இறங்கினேன்.

வார்டுக் கதவுவரை வந்தேன். நீ நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தாய், என்னைப் பார்க்கவில்லை. கதவில் கண்ணாடி இருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தேன். மொட்டை அடித்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது, ஸோகிரும் சொல்லவில்லை. நெற்றியில் கட்டு. வலது கையைத் தலையணைமேல் தனியாக வைத்திருக்கிறார்கள், வேறு யாருடைய கையோபோல. தலையை இந்தப் பக்கம் திருப்பினான். நான் நகர்ந்துவிட்டேன். பார்த்திருந்தால் எழுந்திருப்பான்.

உள்ளே வரவில்லை. அவ்வளவுதான் காரணம். உனக்கு வேறு காரணம் தோன்றும். தோன்றட்டும்.

ஸெபோ வாசித்தாள், எழுதியது நான். இதை நான் யாரிடமும் தள்ளவில்லை. ஆனால் மாத்திரை அழுத்தத்தை இறக்குகிறது என்று நான் சொன்னது தப்பில்லை, டாக்டரும் ஒப்புக்கொண்டார். நிறுத்து என்றது வேறு.

இன்று அந்த டாக்டர் அம்மாவே தேநீர் குடிக்க இந்தக் கடைக்கு வந்தார். சின்னப் பெண். நான் யாரென்று சொன்னேன். "நீங்கதான் அந்த மடை தாத்தாவா?" என்று கேட்டார். எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் பேசினேன். தப்பான மடையைப் பாதி மூடுவது எப்படி வைத்தியம் என்று கேட்டேன். "மடை தப்பில்ல. நீங்க கோடையில தண்ணி பத்தலன்னா என்ன செய்வீங்க? மூடிருவீங்களா?" என்றார். மூடமாட்டேன், முறை வைப்பேன் என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மேட்டு வயலும் காயாது, கீழ் வயலும் மூழ்காது. "அதத்தான் நானும் செய்யறேன்" என்றார். தேநீருக்குக் காசு என்னைக் கொடுக்கவிடவில்லை.

முறைத் தண்ணீர் என்று முதலிலேயே நீ எழுதியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். பாதிப் பாதி என்று எழுதினாய்.

நான் இங்கேயே இருக்கிறேன். உள்ளே வரமாட்டேன். அவன் கை அசைந்தால் சொல்லியனுப்பு.

எஷ்முரோத்


ஆஸ்பத்திரி
அக்டோபர் 25, காலை

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கை அசைகிறது. இன்று கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்தார். பேச்சு சொல் சொல்லாக வருகிறது.

ஆனால் நீங்கள் எதிரே இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. காவல்காரர், "உங்கப்பா கிண்ணம் கிண்ணமா டீ குடிச்சிட்டு உக்காந்திருக்காரு, கடைக்காரனுக்கு யோகம்" என்று வந்து சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர் படுத்திருக்கவில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் இடது முழங்கையை ஊன்றி எழப் பார்க்கிறார். துப்புரவு செய்கிற அம்மா வந்தால் எழுகிறார். சாப்பாட்டு வண்டி வந்தால் எழுகிறார். அழுத்தம் பார்க்கிற நர்ஸ் கோபித்துக்கொண்டார். "இது இங்க யாருக்காகவாம், மந்திரிக்கா?" என்று கேட்டார். இப்படியே எகிறிக்கொண்டிருந்தால் அழுத்தம் நிலையாக நிற்காது, மாத்திரையை இன்னும் குறைக்க வேண்டிவரும் என்கிறார் டாக்டர். குறைத்தால் குழாய் என்னாகும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் சொல்லிப் பார்த்தேன். "மாமா வந்தா நீங்க எழ வேண்டாம். அவரு ஒண்ணும் நெனைக்கமாட்டாரு."

தலையை ஆட்டினார். "நெனைப்பாரு" என்றார். அந்தச் சொல் மட்டும் குழறாமல் வந்தது.

"டாக்டரு எழக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"அவரு... சொல்லணும்."

நீங்கள் உள்ளே வந்து சொல்ல முடியாது, பார்த்ததும் எழுந்துவிடுவார். வராமலும் இருக்க முடியாது, காத்திருந்தே எழுந்துகொண்டிருக்கிறார். டாக்டரும் நானும் சொல்லி ஓடிய மாத்திரை உங்கள் ஒரு வரியில் நின்றது. அது தடையில்லாமல் ஓடவும், அவர் எழாமல் படுத்திருக்கவும் உங்கள் ஒரு வரிதான் வேண்டும். எழுதுங்கள். இந்த முறை ஒரு எழுத்து விடாமல் நானே வாசிப்பேன்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது மாமா. இன்னும் ஒரு கடிதத்துக்கு வாதாட என்னிடம் தெம்பு இல்லை. காவல்காரரிடம் காகிதம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

முனிஸா


தேநீர்க்கடை
அக்டோபர் 25

ஹம்ரோவுக்கு,

முனிஸா இதை உனக்கு வாசிப்பாள். அவள் வாசித்து முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. பேச்சைச் சேர்த்து வை.

என் முந்தைய கடிதத்தில் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தேன். அந்தச் சொல் செல்லாது. என் வீட்டில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மாற்றியதில்லை, அதனால் நானே மாற்றுகிறேன். இன்றிலிருந்து மாத்திரை விஷயத்தில் முனிஸா சொல்வதுதான் நான் சொல்வது. அவள் விழுங்கு என்றால் விழுங்கு. வாயைத் திறந்து காட்டு என்றால் சின்னப் பிள்ளைபோலத் திறந்து காட்டு. அவளுக்கு டாக்டர் சொல்வார். எனக்கு யாரும் சொல்லவேண்டாம். நானோ ஸெபோவோ ஊரில் வேறு எவனோ நிறுத்து என்று எழுதினாலும் சொன்னாலும், நானே நேரில் வந்து சொன்னாலும், கேட்காதே.

என் மருந்துச் செடி அவள் அலமாரி மேல் இருக்கிறதாம். டாக்டர் முடிந்தது என்று சொல்லும்வரை அங்கேயே இருக்கட்டும். நீ கேட்டு வாங்கிக் குடிப்பாய், எனக்குத் தெரியும். குடிக்காதே.

இனி அடுத்தது. இதை எழுத எனக்கு இஷ்டமில்லை. கடைக்காரன் மூன்றாவது முறையாகத் தேநீர் ஊற்றிவிட்டுப் போகிறான்.

நான் இப்போது உள்ளே வருவேன். நீ எழக்கூடாது. முழங்கையை ஊன்றக் கூடாது. நெஞ்சில் கை வைக்கவும் வேண்டாம், வலது கையை இருக்கிற இடத்தில் இருக்கவிடு. நீ படுத்திருக்க, நான் நிற்பேன், முனிஸா நாற்காலி கொடுத்தால் உட்காருவேன். யாராவது பார்த்து என்ன மகன் இவன் என்று கேட்டால், அப்பன் சொல்லிப் படுத்திருக்கிறான் என்று நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கல்யாண விருந்து விஷயம் இதோடு தீர்ந்தது என்று எண்ணாதே. அது தீரவில்லை. நீ என்னைப் பார்த்தாய், பிறகு தட்டைப் பார்த்தாய். அதைப் பற்றி உன்னிடம் பேச எனக்கு நிறைய இருக்கிறது, நீ முழு வாயோடு பதில் சொல்லவும் வேண்டும். உளறுகிறவனோடு நான் சண்டை போடமாட்டேன். அதற்காகவாவது மாத்திரையை ஒழுங்காக விழுங்கு.

டாக்டர் அம்மா நிற்கலாம் என்று சொல்லும் நாளில் நான் எழுந்து வெளியே போய், மறுபடி கதவைத் திறந்து உள்ளே வருவேன். அன்றைக்கு எழு. முதலில் உட்கார், காலைத் தொங்கப்போடு, கண் தெளியட்டும், அவள் தோளைப் பிடித்துக்கொள். நான் வாசலிலேயே நிற்பேன். எனக்கு அவசரம் இல்லை.

அப்பா